கறுத்த மணலா, கழுவிய மணலா? மதுரை வீட்டு மீன்தொட்டி ஒன்றின் நிகழ்வு ஆய்வு

"மச்சான், மணலுக்கு அடியில எல்லாம் கறுத்துக் கிடந்துச்சு. எடுத்துக் கழுவிட்டேன். இப்போ மீன் சாகுது."

2024 மே மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் தங்கையின் கணவர் போனில் சொன்னது இது. மூன்றே வாக்கியம், விஷயம் முழுவதும் அதற்குள் இருந்தது. ஆனால் என் காதில் விழுந்தது முதல் வாக்கியம்தான். மணல் கறுத்தது என்றதும் 'விஷ வாயு' என்று முடிவு கட்டினேன். "கிளறினப்போ கேஸ் கலந்திருக்கும் மாப்பிள்ளை, பாதித் தண்ணிய மாத்துங்க" என்றேன். சொன்ன காரணம் தப்பு, சொன்ன மருந்து சரி. அதிர்ஷ்டம் என்றுதான் சொல்ல வேண்டும். அன்று சாயங்காலம் திண்டுக்கல்லிலிருந்து தண்ணீர்ச் சோதனைப் பெட்டியோடு பஸ் ஏறிப் போய்ப் பார்த்த பிறகுதான் நடு வாக்கியத்தின் கனம் புரிந்தது.

வீட்டுத் தொட்டியில் மணல் போடும் எல்லாருக்கும் வரக்கூடிய சிக்கல் என்பதால் முதலிலிருந்து எழுதுகிறேன்.

தொட்டி

3 அடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி உயரக் கண்ணாடித் தொட்டி. அந்த வருடம் பொங்கல் விடுமுறையில் வைத்தது. மாப்பிள்ளைக்கு வண்ண மீன்களில் பெரிய ஆசை இல்லை, அவருக்கு வேண்டியது அயிரை. மதுரையில் அயிரையைக் குழம்பாகத்தான் தெரியும். உயிரோடு விற்பார்கள், பாலிலோ தேங்காய்ப்பாலிலோ விட்டு வயிற்றிலிருக்கும் மண்ணைக் கக்க வைத்துவிட்டுச் சட்டியில் போடுவார்கள். அப்படிக் குழம்புக்கு வாங்கி வந்ததில் 15 மீனைத் தனியே எடுத்து வளர்க்க ஆரம்பித்தவர் அவர். கூட 10 ஜீப்ரா டேனியோ. தங்கை மகள் அடம்பிடித்ததால் 2 தங்கமீன்.

அயிரை இருந்தால் மணல் வேண்டும், கூழாங்கல்லை வைத்து ஒப்பேற்ற முடியாது. அது மணலை வாயில் அள்ளி, தின்ன முடிந்ததைச் சலித்துக்கொண்டு, மீதியைச் செவுள் வழியாக வெளியே விடும். பயந்தால் அரை நொடியில் புதைந்து கண்ணை மட்டும் வெளியே வைத்துக்கொள்ளும். கூரான சரளைமேல் விட்டால் மீசை தேயும், வயிறு உரசும். ஆகவே மணல் என்று அவர் தீர்மானித்ததில் தப்பே இல்லை.

எந்த மணல், எவ்வளவு என்பதில்தான் கோளாறு. வீடு கட்டியபோது மிஞ்சிய ஆற்று மணல் கொல்லையில் கிடந்தது. அதிலும் பூச்சு வேலைக்காகக் கொத்தனார் சலித்து வைத்த பொடி மணல் இருந்தது. பார்க்க அழகு, தொட்டால் மெத்து மெத்தென்றிருக்கும். அதைச் சிமெண்ட் சாக்கில் ஒன்றேகால் மூட்டை அளவுக்கு அள்ளி, வாளியில் மூன்று தண்ணீர் கழுவிக் கொட்டிவிட்டார். கண்ணாடி ஓரத்தில் அளந்தால் 10 செ.மீ. உயரம். தொட்டியின் அடிப்பரப்பு ஏறத்தாழ 4,200 சதுர செ.மீ., அதாவது 42 லிட்டர் மணல். உலர்ந்த எடையில் 65 கிலோவுக்கு மேல். மேலே நின்ற தண்ணீர் சுமார் 130 லிட்டர். வடிகட்டி என்று இருந்தது தொட்டிக்குள் ஒட்டவைக்கும் சின்ன மோட்டார். அதற்குள் கைப்பிடி அளவு ஸ்பாஞ்ச் ஒன்று.

முதல் ஒரு வாரம் தண்ணீர் மோர் மாதிரி இருந்தது. அப்புறம் தெளிந்தது. பிப்ரவரியில் கண்ணாடியிலும் மணல்மேலும் பழுப்புப் படிவு வந்தது. புதுத் தொட்டிகளில் வழக்கமாக வருவதுதான், தானாகவே போய்விட்டது. ஏப்ரல் கடைசி வரைக்கும் ஒரு குறையும் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை

ஏப்ரல் கடைசியில் முன்கண்ணாடி வழியாக மணலுக்குள் கறுப்புத் திட்டுகள் தெரிய ஆரம்பித்தன. விரலால் அழுத்தினால் குமிழிகள் மேலே வந்தன. அயிரைகள் அடிக்கடி நீர்மட்டத்துக்குப் பாய்ந்து ஒரு வாய்க் காற்றை விழுங்கிவிட்டுத் திரும்பின. இவை மூன்றையும் மாப்பிள்ளை ஒன்றாகக் கோத்துவிட்டார்: மணல் அழுகிவிட்டது, வாயு வருகிறது, மீனுக்கு மூச்சு முட்டுகிறது.

மூன்றாவது அடையாளம் நோயே இல்லை. அயிரையும் அதன் இனத்து மீன்களும் காற்றை விழுங்கிக் குடலாலும் சுவாசிப்பவை. ஆக்சிஜன் குறைந்த சேற்றுக் குட்டையிலும் வயல் வாய்க்காலிலும் அவை பிழைப்பது அப்படித்தான். எப்போதாவது ஒரு பாய்ச்சல் என்றால் சாதாரணம். கூட்டமாக, நிமிடத்துக்கு நாலு தடவை என்றால்தான் கவலைப்பட வேண்டும். அதே நேரம் ஜீப்ராக்கள் மேல்மட்டத்தில் வாய் திறந்து நிற்கின்றனவா என்று பார்த்திருந்தால் அன்றே சந்தேகம் தீர்ந்திருக்கும். அவை நிம்மதியாகத் துரத்தி விளையாடிக்கொண்டிருந்தன என்று தங்கை பிறகு சொன்னாள்.

ஞாயிறு காலையில் மாப்பிள்ளை களத்தில் இறங்கினார். மீன்களையெல்லாம் பழைய தண்ணீரோடு வாளியில் எடுத்தார். மணல் முழுவதையும் அள்ளினார். அரை வாளி மணலை அப்படியே ஓரமாக வைத்துவிட்டு, மற்றதைக் குழாய்த் தண்ணீரில் பளபளவென்று வரும்வரை கழுவி, மொட்டை மாடியில் தார்ப்பாய் விரித்து மே மாத வெயிலில் காயப்போட்டார். 'கிருமி சாகட்டும்' என்பது எண்ணம். ஸ்பாஞ்சைக் குழாயடியில் பிழிந்து பிழிந்து வெள்ளையாக்கினார். கண்ணாடியின் நாலு பக்கமும் தேய்த்தார். சாயங்காலம் மணலைத் திரும்பக் கொட்டி, ஆன்டி-குளோரின் சொட்டுகள் விட்டுப் புதுத்தண்ணீர் நிரப்பி, மீன்களை விட்டார். நாள் பூராவும் வாளியில் கிடந்த மீன்களாயிற்றே என்று இரக்கப்பட்டு இரண்டு பங்கு இரையும் போட்டார்.

திங்கள் முழுக்கத் தொட்டி கண்ணாடி மாதிரி இருந்ததாம். போட்டோ எடுத்து எனக்கே அனுப்பியிருந்தார். நானும் கைதட்டும் பொம்மை ஒன்றைப் பதிலாக அனுப்பியிருக்கிறேன்! செவ்வாய் விடிந்தபோது இரண்டு ஜீப்ராக்கள் மிதந்தன.

சந்தேக நபர்கள்

நான் போய்ச் சேர்ந்தபோது மாலை ஆறு மணி. நாலு ஜீப்ரா, ஒரு தங்கமீன், மூன்று அயிரை போயிருந்தன. தண்ணீரின் வெப்பம் 31 டிகிரி, பிஎச் (அமில, காரத் தன்மையின் அளவு) 8. நைட்ரைட் பூஜ்யம். அமோனியா சோதனைக் குழாயில் நிறம் 2-க்கும் 4 பிபிஎம்முக்கும் (லிட்டருக்கு மில்லிகிராம்) நடுவில் நின்றது. மதியம் பாதித் தண்ணீர் மாற்றிய பிறகு இருந்த அளவு இது.

மூன்று பேரைச் சந்தேகிக்கலாம். முதல் ஆள், எல்லாரும் விரல் நீட்டும் ஹைட்ரஜன் சல்பைடு, அந்த அழுகிய முட்டை நாற்றத்துக்குச் சொந்தக்காரன். கொடிய விஷம் என்பதில் மாற்றுக் கருத்தில்லை. லிட்டருக்கு ஒரு மில்லிகிராமில் ஆயிரத்தில் சில பங்கே மீனுக்கு ஆகாது. ஆனால் அது கொன்றிருந்தால் மணலைக் கிளறிய நிமிடங்களில் கொன்றிருக்க வேண்டும். கிளறியபோது மீன்கள் வாளியில் இருந்தன. திரும்பப் போட்ட மணலோ வெயிலில் காய்ந்து மொறுமொறுத்தது. அதில் வாயு எங்கே மிஞ்சும்? ஆக்சிஜன் உள்ள நீரில் இந்த வாயு நெடுநேரம் தாக்குப்பிடிக்கவும் செய்யாது.

கறுப்பு நிறத்தைப் பற்றியும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். காற்றுப் புகாத இடத்தில் இரையின் மிச்சமும் கழிவும் மக்கும்போது, நீரிலுள்ள சல்பேட்டை வைத்து வாழும் பாக்டீரியாக்கள் சல்பைடை உண்டாக்குகின்றன. ஆற்று மணலில் இரும்புச் சத்து தாராளம். இரண்டும் சேர்ந்தால் இரும்பு சல்பைடு, அதுதான் கறுப்பு. அதாவது கறுப்பாகத் தெரிவது, வாயு இரும்போடு சேர்ந்து கட்டுண்டுவிட்ட பகுதி. ஓரமாக வைத்திருந்த அரை வாளி இப்போது கைகொடுத்தது. அதில் ஒரு கை எடுத்து எவர்சில்வர் தட்டில் பரப்பி வைத்தேன். மறுநாள் காலை ஓரமெல்லாம் பழுப்பேறித் துருநிறமாகிவிட்டது. காற்றுப் பட்டால் இரும்பு சல்பைடு அப்படித்தான் மாறும். சாயமோ கரியோ பாசியோ என்றால் மாறாது. கண்ணாடியோரம் கறுப்புத் தெரிகிறவர்கள் முதலில் செய்து பார்க்கக்கூடிய சோதனை இது. கண்ணாடியை ஒட்டிக் கரும்பச்சையாக ஒரு கோடு மட்டும் தெரிந்தால் அது வெளிச்சத்துக்கு வளர்ந்த பாசி, அதை விட்டுவிடலாம். குமிழி விஷயமும் அப்படித்தான்: நாற்றமில்லாத குமிழி பெரும்பாலும் நைட்ரஜனும் கரியமில வாயுவும்.

இரண்டாவது ஆள் குளோரின். குழாய்த் தண்ணீரில் கடைசி வீடு வரைக்கும் லிட்டருக்குக் குறைந்தது 0.2 மி.கி. குளோரின் மிஞ்ச வேண்டும் என்பது இந்தியக் குடிநீர்த் தர விதி. மீனுக்கு ஆகாததுதான். ஆனால் தொட்டிக்கான தண்ணீரில் மருந்து விட்டிருக்கிறார். தவிர, குளோரின் என்றால் ஞாயிறு இரவே தெரிந்திருக்கும். மீன்கள் ஒன்றரை நாள் நன்றாக இருந்துவிட்டல்லவா சாக ஆரம்பித்தன? மெல்ல மெல்ல ஏறும் விஷம்தான் இப்படிக் கெடு வைத்துக் கொல்லும்.

ஆக, அமோனியா. மீன் செவுள் வழியாக இடைவிடாமல் வெளியேற்றுவது. அதை நைட்ரைட்டாகவும் பிறகு நைட்ரேட்டாகவும் மாற்றும் பாக்டீரியாக்கள் எங்கே குடியிருந்தன என்று யோசித்தால் கதை முடிந்தது. ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். அரை மில்லிமீட்டர் உருண்டைத் துகள் என்று வைத்தால் ஒரு லிட்டர் மணலின் மொத்த மேற்பரப்பு சுமார் 7 சதுர மீட்டர். இந்தத் தொட்டியில் மேலாக உள்ள ஒரே ஒரு சென்டிமீட்டர் மணலுக்கு 4 லிட்டர் கொள்ளளவு; அதன் மேற்பரப்பு 30 சதுர மீட்டர், அதாவது 300 சதுர அடிக்கும் மேல், நல்ல பெரிய ஹால் அளவு. கைப்பிடி ஸ்பாஞ்ச் அதற்குப் பக்கத்தில்கூட வராது. தொட்டியின் உண்மையான வடிகட்டி மணலின் மேல்தோல்தான். நாலு மாதமாகச் சேர்ந்த அந்தத் தோலை மாப்பிள்ளை தேய்த்துக் கழுவி, மொட்டை மாடியில் வெயிலில் போட்டார். காய்ந்தால் இந்த பாக்டீரியாக்கள் பிழைக்காது. மிச்சம் மீதி இருந்த ஸ்பாஞ்சையும் அதே நாளில் வெளுத்தாயிற்று. மோட்டார் ஓடிக்கொண்டுதான் இருந்தது. வேலை செய்ய ஆள்தான் இல்லை.

நைட்ரைட் பூஜ்யம் என்பதும் இதைத்தான் சொல்லியது. அமோனியா ஏறியிருக்கும்போது நைட்ரைட் துளிகூட இல்லையென்றால், முதல் படியே நடக்கவில்லை என்று பொருள்.

இதில் ஒரு விநோதம். சல்பைடும் அமோனியாவும் பிஎச்சைப் பொறுத்து எதிரெதிராக நடந்துகொள்கின்றன. பிஎச் 8-ல் கரைந்திருக்கும் சல்பைடில் பத்தில் ஒரு பங்குதான் விஷ வாயுவாக இருக்கும். பிஎச் 7-ல் அது பாதி. அமோனியாவோ பிஎச் 7-ல், 31 டிகிரியில், நூற்றில் ஒரு பங்குகூட விஷ வடிவில் இராது. பிஎச் 8-ல் எட்டுப் பங்கு. அந்த வீட்டுக் குழாய்த் தண்ணீர், மாப்பிள்ளை பயந்த விஷத்தை அடக்கி, பயப்படாத விஷத்தைக் கூர்தீட்டிக் கொடுத்தது.

அமோனியா ஒன்றே எல்லாவற்றையும் கொன்றது என்று சத்தியம் செய்ய மாட்டேன். ஒரு பகல் முழுக்க வாளியில் கிடந்த அலைச்சல், மே மாத வெப்பத்தில் குறைந்த ஆக்சிஜன், தேவைக்கு மேல் போட்ட இரை, எல்லாம் சேர்ந்து தள்ளிவிட்டிருக்கும். இன்னொன்றும் இருந்தது. இரவு டார்ச் அடித்து எண்ணியபோது இரண்டு அயிரைகளைக் காணோம். மூலையில் மணலை விரலால் துழாவினேன். இரண்டும் புதைந்த நிலையிலேயே செத்து அழுகத் தொடங்கியிருந்தன. புதையும் மீன் வளர்ப்பவர்கள் மனதில் வைக்க வேண்டிய சங்கதி: செத்ததும் மிதக்கும் என்று எதிர்பார்க்காதீர்கள்; எண்ணிக்கை குறைந்தால் தேடுங்கள்.

முதலுதவி

அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. இரை 5 நாள் நிறுத்தம். முதல் இரண்டு நாள் காலையிலும் மாலையிலும் பாதித் தண்ணீர் மாற்றம், அப்புறம் தினம் ஒரு தடவை. ஒவ்வொரு தடவையும் ஆன்டி-குளோரின். குமிழி விடும் காற்றுக்கல் இரவும் பகலும். என் தொட்டியில் இரண்டு வருடமாக ஓடும் ஸ்பாஞ்ச் ஒன்றை ஈரம் காயாமல் கவரில் கொண்டுபோயிருந்தேன். அதை அவர் மோட்டார் வாயருகே கட்டினோம். அதன் அழுக்குத்தான் மருந்து. ஆறாம் நாள் நைட்ரைட் 1 பிபிஎம் காட்டியது. அது நல்ல செய்திதான், முதல் படி ஓட ஆரம்பித்துவிட்டது. ஆனால் நைட்ரைட்டும் மீனின் இரத்தத்தைக் கெடுக்கும். குளோரைடு இருந்தால் செவுளுக்குள் அது எளிதில் நுழையாது. ஆகவே கல் உப்பு 100 கிராம், ஒரு சொம்பில் கரைத்து மெதுவாக ஊற்றினோம். இரண்டு வாரத்தில் இரண்டு அளவும் பூஜ்யத்துக்கு வந்தன. கணக்கில் மிஞ்சியவை 10 அயிரை, 6 ஜீப்ரா, 1 தங்கமீன். தங்கை மகள் அப்பாவோடு இரண்டு நாள் பேசவில்லை.

அப்படியானால் மணலில் தப்பே இல்லையா?

உண்டு. கொன்றது கழுவியதுதான் என்றாலும், நாலே மாதத்தில் கறுக்கும்படி மணலை அமைத்ததும் கோளாறுதான். அது அவசரச் சிகிச்சை வேண்டாத கோளாறு, பொறுமையாகச் சரிசெய்திருக்கலாம். அவ்வளவுதான் வித்தியாசம்.

மணலுக்குள் ஆக்சிஜன் தானாக ஊறி இறங்குவது மிக மெதுவாக. காற்றில் பரவுவதைவிட நீரில் ஏறத்தாழ பத்தாயிரம் மடங்கு மந்தம். ஆகவே துகள்களுக்கு நடுவே தண்ணீர் கொஞ்சமாவது நகர வேண்டும். துகளின் அளவு பாதியானால் நீர் ஊடுருவும் வேகம் பாதியாகக் குறைவதில்லை, நாலில் ஒன்றாகக் குறைகிறது. பூச்சு மணலில் பெரும்பகுதி அரை மில்லிமீட்டருக்கும் குறைவு. அதில் வண்டல் வேறு சேர்ந்தால், துகள் இடுக்கெல்லாம் அடைத்துக்கொண்டு, 10 செ.மீ. ஆழத்தில் மேலே ஒரு விரற்கடை தவிர மீதியெல்லாம் மூச்சில்லாத மண்.

வண்டல் எப்படி மிஞ்சியது? மூன்று தண்ணீர் கழுவினார் என்றேன் அல்லவா. கழுவும் விதம் தப்பு. வாளி நிறையத் தண்ணீர் விட்டு, கலக்கி, அரை மணி நேரம் 'தெளியவிட்டு' மேல்தண்ணீரை ஊற்றியிருக்கிறார். தெளிந்தால் வண்டலில் பெரும்பகுதி மணல்மேலேயே உட்கார்ந்துவிடுமே! அரை மில்லிமீட்டர் மணல் தண்ணீரில் நொடிக்கு 7 செ.மீ. வேகத்தில் விழும், ஒரு வாளி ஆழத்தை நாலைந்து நொடியில் கடந்துவிடும். மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்குள்ள வண்டலுக்கு அதே ஆழத்துக்கு முக்கால் மணி நேரத்துக்கு மேல் ஆகும். களிமண் துகளுக்கு ஒரு நாள்கூடப் போதாது. ஆகவே அரிசி களைவது மாதிரி செய்ய வேண்டும்: வாளியில் கால்பாகம் மணல், ட்யூப்பை அடிவரை விட்டு வேகமாகத் தண்ணீர், கையால் புரட்டல், பத்து எண்ணுவதற்குள் கலங்கலோடு கவிழ்ப்பு. தண்ணீர் எலுமிச்சைச் சாறு அளவு தெளிவுக்கு வர ஒவ்வொரு வாளிக்கும் பத்துப் பதினைந்து தடவை ஆகும். இடுப்பு ஒடியும். வேறு வழியில்லை. புது மணலைக் குழாய்த் தண்ணீரில் எவ்வளவு வேண்டுமானாலும் கழுவலாம், வெயிலில் காய வைக்கலாம். அதில் இழக்க ஒன்றும் இல்லை. ஓடுகிற தொட்டியின் மணலுக்குத்தான் அது ஆகாது.

மீண்டும் அமைத்தது

ஜூன் மாதம், அளவுகள் நிலைபெற்றுச் சில வாரம் கழித்து மணலைச் சரிசெய்தோம். ஒரே நாளில் அல்ல. வாரத்துக்குக் கால்பங்கு தொட்டி என்று நாலு வாரம். அந்த வாரங்களில் ஸ்பாஞ்சைத் தொடக் கூடாது என்று நிபந்தனை. மோட்டாரையும் பெரிதாக மாற்றினோம்; ஸ்பாஞ்ச் இப்போது செங்கல் அளவு.

புதிதாக ஆற்று மணல் வாங்கும் பேச்சே இல்லை, விலையும் கிடைப்பும் அப்படி. எம்-சாண்ட் வேண்டாம் என்று நான்தான் தடுத்தேன்; அது உடைத்த கருங்கல், முனைகள் கூர், பொடியும் அதிகம். கட்டடத்துக்கு நல்லது, அயிரை வயிற்றுக்கு அல்ல. கடற்கரை மணலில் கிளிஞ்சல் பொடி இருக்கும், சுண்ணாம்பு கரைந்து தண்ணீரைக் கடினமாக்கும். கடையில் வாங்குவதென்றால் தண்ணீர் வடிகட்டிகளுக்கு விற்கும் சிலிக்கா மணலில் 16/30 மெஷ் கேட்டால் போதும், 0.6 முதல் 1.2 மி.மீ. வரை இருக்கும். நாங்கள் அதற்கும் போகவில்லை. கொல்லை மணலில் கொத்தனார் சலிக்காத பகுதி இன்னும் கிடந்தது. அதை உலர்த்தி, சமையலறையின் ரவைச் சல்லடையில் சலித்தோம். கீழே விழுந்ததை மாவுச் சல்லடையில் மறுபடி சலித்து, சல்லடையில் தங்கியதை மட்டும் எடுத்தோம். ஏறக்குறைய அரை மில்லிமீட்டருக்கு மேல், ஒரு மில்லிமீட்டர் சுமாருக்குக் கீழ் உள்ள துகள் அப்படிக் கிடைத்தது. சல்லடைகளுக்குத் தங்கையிடம் நாங்கள் வாங்கிக் கட்டிக்கொண்டது தனிக் கதை. இரண்டும் புதிதாக வாங்கிக் கொடுத்தோம்.

தொட்டியில் போடுமுன் இரண்டு சோதனை. ஒரு கரண்டி மணலில் வினிகர். நுரை வந்தால் சுண்ணாம்பு. வினிகர் பலம் குறைந்தது, லேசான சுண்ணாம்பைக் காட்டாமல் விட்டுவிடும். அதனால் மழைநீர் பாட்டிலில் கொஞ்சம் மணலை ஒரு வாரம் ஊறப்போட்டு, தண்ணீரில் கரைந்த உப்புகளைக் காட்டும் டிடிஎஸ் மீட்டரில் முன்னும் பின்னும் பார்த்தோம். அளவில் மாற்றம் பெரிதாக இல்லை. அப்புறம் ஒரு காந்தம். ஆற்று மணலில் கறுப்பாக மின்னும் துகள்களில் காந்தத்தில் ஒட்டும் இரும்புத் தாது உண்டு. மீனுக்குக் கெடுதல் இல்லை; கண்ணாடி துடைக்கும் காந்தப் பிரஷ்ஷில் அது ஒட்டிக்கொண்டால் கண்ணாடியில் நிரந்தரமாகக் கோடு போட்டுவிடும். பிளாஸ்டிக் கவரில் காந்தத்தைச் சுற்றி உலர்ந்த மணலில் நாலு தடவை ஓட்டினால் பெரும்பகுதி வந்துவிடும்.

ஆழம் 10-லிருந்து 4 செ.மீ.க்கு வந்தது. 17 லிட்டர் மணல், 27 கிலோ. அயிரை புதைய இது தாராளம். பின்மூலையில் வாலிஸ்னேரியா என்ற நீர்ச்செடி நட்ட இடத்தில் மட்டும் 6 செ.மீ.; அதன் வேர்கள் மணலுக்குள் ஆக்சிஜனை விடும் என்பதால் அங்கே ஆழம் பொறுக்கும். கற்களை மணல்மேல் வைக்காமல் கண்ணாடித் தரையில் வைத்துச் சுற்றி மணலிட்டோம். அயிரை கல்லடியில் குடைந்து கல் சரிந்தால் அதுவே நசுங்கும்.

பராமரிப்பு

இது நாளடைவில் சுருங்கி வாரம் பதினைந்து நிமிட வேலையாகிவிட்டது. முதலில் மோட்டாரை நிறுத்த வேண்டும். மறந்தால் மணல் உள்ளே போய் இறக்கையை அரைக்கும். அழுக்கு உறிஞ்சும் ட்யூப்பைக் கூழாங்கல்லுக்குக் குத்துவது மாதிரி மணலுக்குள் குத்தக் கூடாது. மணலுக்கு இரண்டு சென்டிமீட்டர் மேலே பிடித்துக்கொண்டு, மறு கையால் தண்ணீரில் விசிறினால் அழுக்கு எழும்பி ட்யூப்புக்குள் போகும். மணல் கனம், கீழேயே நிற்கும். கொஞ்சம் மணல் வாளிக்கு வந்தாலும் அதே தொட்டி நீரில் அலசித் திரும்பப் போட்டுவிடலாம். புதுத்தண்ணீரை ஒரு தட்டின்மேல் ஊற்றினால் குழி விழாது.

கிளறுவதில் எங்கள் இருவருக்கும் இன்னும் கருத்து வேற்றுமை. அவர் துடைப்பத்து ஈர்க்குச்சியால் வாரத்துக்கு மூன்றில் ஒரு பங்கு இடத்தை மெதுவாகக் கீறிவிடுகிறார். 10 அயிரை இருக்கும்போது அது தேவையில்லை என்பது என் எண்ணம்; அவை ராத்திரி முழுக்க அதே வேலையைத்தான் செய்கின்றன. கூர்கூம்பு வடிவச் சின்ன நத்தைகளும் செடியோடு வந்து சேர்ந்திருக்கின்றன. கடைக்காரர்கள் மலேசியன் ட்ரம்பெட் என்று சொல்வது; நம் ஊர்க் குளங்களிலும் கிடப்பதுதான். பகலில் மணலுக்குள், இரவில் வெளியே. அவற்றின் எண்ணிக்கை திடீரென்று பெருகினால் நாம் இரையை அதிகம் போடுகிறோம் என்று அர்த்தம். அந்த வீட்டில் ஒரு தடவை பெருகியது. மகள் பள்ளிக்குப் போகுமுன் ஒரு தடவை, வந்த பிறகு ஒரு தடவை, அம்மாவுக்குத் தெரியாமல் ஒரு தடவை போட்டுக்கொண்டிருந்தாள்.

ஸ்பாஞ்சை மாதம் ஒருமுறை, வெளியே எடுத்த தொட்டி நீரிலேயே இரண்டு பிழி. ஸ்பாஞ்சைத் தொடும் வாரத்தில் மணலைத் தொடுவதில்லை. இதை மாப்பிள்ளை தொட்டி மூடியில் மார்க்கரால் எழுதியே வைத்திருக்கிறார்.

2025 ஜனவரியில், தொட்டிக்கு ஒரு வயதானபோது, நைட்ரேட் 20 பிபிஎம். மற்ற இரண்டும் பூஜ்யம். பத்து அயிரையும் இருந்தன. அந்த மாதக் கடைசியில் மறுபடி போன்.

"மச்சான், பெரிய கல்லுக்குப் பின்னாடி கறுப்பா ஒரு ரூபாய் அளவுக்குத் தெரியுது."

"அமோனியா பார்த்தீங்களா?"

"பார்த்துட்டுத்தான் கூப்பிடுறேன். ஜீரோ."

"அப்போ விடுங்க மாப்பிள்ளை."